மூன்றாம் சிலிண்டர்

"நடுங்குது" என்றேன்.
"எப்ப?" என்றார் பைரூஸ் பாஸ்.
சிவப்பு லைற்றில.
"எந்த லைட்டுல?"
ஆமர் வீதிச் சந்தியில.
சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.
"காலையிலயா? மழைக்குப் பொறகா?"
எந்த டொக்டரும் என்னிடம்
இவ்வளவு கேட்டதில்லை.

ஓடும்போது மறைந்துகொள்ளும்.
நின்றால் தெரியும்:
டுக் டுக் டுக், பிறகு ஒரு வெறுமை,
இருட்டில் படியிறங்கும் கால்
இல்லாத படியைத் தேடுவதுபோல.
பின் சீற்றில் நாற்பத்திரண்டு சோற்றுப் பார்சல்.
கோட்டை ஒஃபிஸ்களுக்குப் பன்னிரண்டுக்கு முன் போகவேண்டும்.
ஒவ்வொரு உதறலுக்கும்
சொதிப் பைகள் ஒன்றையொன்று இடிக்கும்.

எண்பத்தாறாம் ஆண்டு லான்சர், பெட்டி மொடல்,
பதினாறு சிறீ.
நான் ஐந்தாவது சொந்தக்காரி.
எனக்கு முந்திய நால்வரும்
இந்தச் சத்தத்துக்கு ரேடியோவைக் கூட்டியிருக்கவேண்டும்.
வொல்யூம் குமிழ் மட்டும்
வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது.

பிளக் நாலும் மாற்றினோம்.
இரண்டு நாள் நல்ல பிள்ளை.
வயர்கள் மாற்றினோம்.
கார்பரேற்றரைக் கழற்றிப் பெற்றோலில் குளிப்பாட்டினோம்.
பஞ்சிகாவத்தையில் ஏழு கடை ஏறி இறங்கி,
எட்டாவதில் கொயில் வாங்கினேன்,
இரண்டு கிழமை வருமானம்.
அதைப் பூட்டிய பிறகு இன்னும் மோசம்.

தூறல் விழுந்த ஒரு காலை
பாஸ் ரப்பர் பிடி போட்ட குறட்டோடு வந்தார்.
எஞ்சின் ஓட ஓட
முதல் வயரை இழுத்தார். தடுமாறியது.
மாட்டிவிட்டு இரண்டாவதை இழுத்தார்.
செத்துப்போகப் பார்த்தது.
மூன்றாவதை இழுத்தார்.

ஒன்றும் ஆகவில்லை.
அதே சத்தம், அதே நடுக்கம்.

"இவன்தான்" என்றார்.
எடுத்தாலும் வித்தியாசம் தெரியாதவன் எவனோ
அவன் வேலை செய்யாதவன்.

கையில் தேநீர் இருந்தது, குடிக்கவில்லை.
பதினோரு வருடம் கப்பல் கம்பனியொன்றில்
பில் போட்டேன்.
நிறுத்திய மறுநாள்
விட்டுவந்த குடையை எடுக்கப் போனபோது
மூன்றாம் மாடி
அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பாஸ் அதோடு விடவில்லை.
பிளக் குழியில் மானியைப் பொருத்தி
என்னை ஸ்ராட்டர் அடிக்கச் சொன்னார்.
முள் எழும்பி நூற்றறுபதில் நின்றது.
மற்ற மூன்றையும்விட ஐந்து கூட.
"இவனுக்கு ஒண்டும் இல்லையே" என்று
கன்னத்தைச் சொறிந்தார்.
கன்னத்தில் கிரீஸ் ஒட்டியது.

அன்றிரவு கிராண்ட்பாஸ் முழுக்கக் கரண்ட் போனது.
"நல்ல நேரம், ஒடனே வாங்க" என்று போன்.
கராஜில் மெழுகுதிரி கூட இல்லை.
பொனற் திறந்து கிடக்க, எஞ்சின் ஓட,
சலூனில் தலைக்கு அடிக்கிற போத்தலால்
எங்கும் தண்ணீர் தூவினார்.
ஈரம். பெற்றோல் மணம். நுளம்பு.
பிறகு,
டிஸ்ரிபியூட்டர் மூடியின் விலாவில்
ஒரு நீல எறும்பு ஓடியது.
மீண்டும் ஓடியது.
மூன்றாம் வயருக்குப் போகவேண்டிய நெருப்பு
வழியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது.
"அன்ன! அன்ன!" என்று
கையாள் சுரங்க சிங்களத்தில் கத்தினான்,
வால்வெள்ளி கண்டவன்போல.

மயிரிழை வெடிப்பு.
முகத்துவாரத்தில், கடலைப் பார்த்து
இரவெல்லாம் நிற்கிற கார்.
உப்பு ஈரம் அதற்குள் படுத்திருந்திருக்கிறது.
பகலில் இரண்டுமுறை துடைத்துப் பார்த்த மூடிதான்.
"வெளிச்சம் கூடிட்டா இது தெரியாது" என்றார் பாஸ்,
தனக்கே சொல்வதுபோல.

புது மூடி, கொயில் விலையில் ஆறிலொரு பங்கு.

மறுநாள் ஆமர் வீதியில் சிவப்பு விழுந்தது.
காத்திருந்தேன்.
நாலும் வந்தது.
சொதிப் பைகள் அசையவில்லை.
பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தபோதுதான்
பச்சை என்று தெரிந்தது.

கழற்றிய பழைய கொயிலைத் துணியில் சுற்றித் தந்திருந்தார்.
"இதுலயும் பிழை இல்ல. சும்மா கழட்டிட்டம்."
டிக்கியில் கிடக்கிறது.
வளைவுகளில் உருண்டு தகரத்தில் தட்டும்.

அந்தச் சத்தத்துக்கு
நான் ரேடியோ போடுவதில்லை.