எர்த்து

டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம்,
எண்ணூர் நெடுஞ்சாலையின் நட்டநடுவில்
ஐம்பத்தாறாம் வருஷத்து மோரிஸ் மைனர் ஒன்று
கல்யாண ரிப்பனோடு நின்றுவிட்டது.
பின்னால் பதினோரு கண்டெய்னர் லாரி,
ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹாரன், ஒரு கெட்டவார்த்தை.

"தஸ்தகீர் பாய், டேங்க்குல பெட்ரோல் இருக்கு,
வண்டிதான் குடிக்க மாட்டேங்குது"
என்றார் ஓட்டிவந்த குரூஸ்முத்து.
சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு
பானெட்டுக்குள் காதை வைத்தேன்.
பம்பு பேச வேண்டும்,
கார்புரேட்டர் நிறையும்வரை டக் டக் டக் என்று.
பேசவில்லை.
ஸ்பேனர் முனையால் ஒரு தட்டு.
ரெண்டு டக்.
அவ்வளவுதான்.

மீட்டர் வைத்தேன். மைனஸ் பன்னிரண்டு.
"யோவ், உன் மீட்டரே அவுட்டு" என்றான்
எட்டிப் பார்த்த லாரி கிளீனர்.
தம்பி, இவள் அந்தக் காலத்து ஆள்,
இவளுக்கு பாடியில் இறங்குவது பிளஸ்.
கரண்ட் வருது. அதுவரைக்கும் சரி.

பேக்கலைட் மூடியைக் கழற்றினால்
பாயிண்ட் ரெண்டும் கரி.
எமரி பேப்பர் கடையில் இருக்கிறது.
கடை கொருக்குப்பேட்டையில்,
ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்.
"கெட்டியா ஒரு அட்டை கிடைக்குமா?"

பின்கண்ணாடி இறங்கியது.
வெள்ளைக் கையுறை ஒன்று
தன் கல்யாணப் பத்திரிகையையே நீட்டியது.
எமல்டா, பெலிக்ஸ்.
மாப்பிள்ளை பெயர் இருந்த பக்கத்தால்
பாயிண்ட்டுக்கு நடுவே நாலு இழுப்பு.
டக், டக், டக்,
நாலாவது வரவேயில்லை.

மணி நாலே முக்கால்.
ராயபுரம் கோயிலில் அஞ்சு மணிக்குப் பூசை.

டெஸ்ட் லாம்ப்பின் கிளிப்பை
லைன் வரும் முனையில் மாட்டி
ஊசியைப் பம்பின் உடம்பில் வைத்தேன். இருட்டு.
ரெண்டு விரல் தள்ளி
வண்டியின் தகட்டைக் கீறி வைத்தேன்.
பல்பு பளிச்.

போல்ட்டைக் கழற்றியதும் புரிந்தது.
எர்த்து ஒயர் உட்காரும் இடத்தில்
புத்தம்புது க்ரீம் கலர் பெயிண்ட்,
வாசனைகூடப் போகவில்லை.
கல்யாண வாடகைக்கு மினுக்கியவன்
வாஷருக்கு அடியிலும் அழகு பண்ணியிருக்கிறான்.
குரூஸ்முத்து எங்கோ லாரி டயரைப் பார்த்தபடி
"ரெண்டு கோட்டு அடிச்சேன்" என்றார்.

அவர் உழைப்பை
ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன்,
இரும்பு வெளுத்துத் தெரியும்வரை.
போல்ட்டை இறுக்கி, சாவி போடச் சொன்னேன்.
டக்டக்டக்டக்டக்,
கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல்.

பிறகு நின்றது.
பொண்ணு தலையை வெளியே நீட்டி
"அங்கிள், மறுபடி நின்னுடுச்சே!"
நிறைஞ்சிடுச்சும்மா, அதான்.
முன்னாடி நின்னது வேற, இது வேற.
கிளப்பச் சொல்லுங்க.

வண்டி போய், லாரிகள் போய்,
புழுதி மட்டும் என்னோடு நின்றபோதுதான்
கூலி வாங்கவில்லை என்பது உறைத்தது.
பத்திரிகை என் சட்டைப் பையில்.
பெலிக்ஸ் பெயருக்குக் குறுக்கே ரெண்டு கரிக்கோடு.
கீழே, பொடி எழுத்தில்,
விருந்து ஏழரை மணிக்கு.
மண்டபம் ஒன்றும் தூரமில்லை.