மூன்றாவது குழாய்

நான்கு புகைக்குழாய்கள் மேலும் தண்ணீர் தெளித்தேன்.
ஒன்று, சுர்ர்.
இரண்டு, சுர்ர்.
நான்கு, சுர்ர்.
மூன்றாவதன் மேல் மட்டும் துளிகள்
பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல
உட்கார்ந்திருந்தன.

புந்தா அரேனாஸில் அக்டோபர்.
கொட்டகைத் தகரத்தைக் காற்று
கடன் கொடுத்தவன் மாதிரி தட்டுகிறது.
துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
ஜலசந்தியில் இன்று படகு இல்லை, ஆகவே
எனக்கும் யெவெனெஸுக்கும் விடுமுறை.

அவன் படகின் எஞ்சின் அறைக்காரன்.
நான் மேல்தளத்தில் லாரிகளை வரிசை கட்டுபவள்.
"கார்புரேட்டர்" என்றான், கையுறையைக்கூடக் கழற்றாமல்.
"ஸ்பார்க்" என்றேன்.
பந்தயம்: நண்டு எம்பனாடா, எட்டு.

முதலில் என் கட்சி.
பிளக்கைக் கழற்றினேன். கருப்பு. ஈரம்.
மழைக்குப் பயந்து அடுப்புக்குள் ஒளிந்த பூனையின் மூக்கு.
இரண்டாவதன் பிளக்கை மூன்றில் மாட்டினேன்,
மூன்றாவதன் பிளக்கை இரண்டில்.
நோய் இடம் மாறவில்லை.
பிளக் மூடியை மாற்றினேன்.
மாறவில்லை.
இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரே காயில்.
ஒரே பானையில் உண்ணும் இருவரில்
ஒருவன் மட்டும் பட்டினி என்றால்
பானையை என்ன சொல்ல?
கம்ப்ரஷன் அளந்தோம். நான்கும் ஏறக்குறைய ஒன்று.

பிறகு அவன் கட்சி.
நான்கு கார்புரேட்டரையும் ஒரே கொத்தாக இறக்கினான்.
ஜெட்டைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தான்:
துளையில் ஊசிமுனை வெளிச்சம், நல்ல வட்டம்.
மிதவை சரி. ஊசி சரி. ரப்பரில் விரிசல் இல்லை.
சுத்தமானதையே மூன்று முறை சுத்தம் செய்தான்.
தோற்பவன் கைகள் அப்படித்தான்,
சும்மா இருக்காது.

எல்லாவற்றையும் திருப்பி மாட்டினோம்.
ஒன்று, இரண்டு, நான்கு.
தூ.

விற்றபோது உல்லோவா சொன்னது: "லேசான இருமல், அவ்வளவுதான்."
நானும் எட்டு வாரமாய்ப் பீற்றிக்கொண்டிருந்தேன்,
எழுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி,
ஒரு சொட்டு எண்ணெய் குறையவில்லை என்று.
யெவெனெஸ் குந்தி உட்கார்ந்து
எஞ்சினின் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தான்.
"குறையவில்லைதான்" என்றான். "கூடியிருக்கிறது, டானிட்சா."
விரலில் தொட்டு மோந்தேன்.
பெட்ரோல்.

டேங்கின் அடியில் டேப்.
அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள்.
தடித்தது பெட்ரோல் கொடுப்பது.
மெலிந்தது எதையும் கொடுப்பதில்லை.
மூன்றாவது சிலிண்டர் மூச்சிழுக்கிறதா என்று
காது வைத்துக் கேட்கும்;
இழுத்தால், திற என்று டேப்பிடம் சொல்லும்.
உள்ளே எப்போதும் காய்ந்தே இருக்கவேண்டிய குழாய்.
பிடுங்கினேன்.
சொட்டியது.

டேப்பைப் பிளந்தால்
காசை விடச் சின்ன ரப்பர் சவ்வு,
அதில் நகம் பட்டது போல ஒரு கிழிசல்.
அவன் பட்டினி கிடக்கவே இல்லை.
கேட்கப் போன வாயாலேயே
மூச்சு முட்ட முட்ட ஊட்டியிருக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் தகரம் மட்டும் பேசியது.
"கார்புரேட்டருக்குப் பக்கம்தானே" என்றான்.
"பக்கமெல்லாம் கணக்கில்லை" என்றேன்.

புது சவ்வு சாந்தியாகோவிலிருந்து வர
பதினேழு நாள்.
அதுவரை மெலிந்த குழாயின் இரு வழிக்கும் அடைப்பு,
டேப் நேர்த்திறப்பில்,
வண்டியை நிறுத்தும்போதெல்லாம் தடித்த குழாயில்
துணி உலர்த்தும் கிளிப், நீலம்.
எண்ணெயை மாற்றினோம். உதைத்தேன்.
தெளித்தேன்.
சுர்ர், சுர்ர், சுர்ர், சுர்ர்.

எம்பனாடா எட்டு, பாதிப் பாதி.
தோற்ற இருவர் தின்றால்
நண்டு கொஞ்சம் உப்பாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காற்று தணிந்தது.
கடற்கரைச் சாலையில் வேலைக்குக் கிளம்பினேன்.
எஞ்சின் ஒரே குரலில் பாடியது,
ஒரு கிலோமீட்டர் வரைக்கும்.
பிறகு நின்றது.
நான்கும் ஒன்றாக, ஒரே நொடியில்,
என்ன ஒற்றுமை.

கீழே குனிந்து பார்த்தேன்.
நீலம்.