ஒளிர்ந்தால் கழி

என் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்:
ஒளிர்ந்தால் கழி.

யேனா நகரின் கிழக்கு ஓரம்,
ஜன்னல் இல்லாத அறை.
குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்றாய் இரண்டு வடிகட்டிகள்,
பின்னால் ஒரு விளக்கு.
வெளிச்சம் முதலாவதைக் கடக்கும், இரண்டாவதில் சாகும்.
அந்தக் கருப்புக்குள்
நுண்ணோக்கிக்கென்று உருக்கிய கண்ணாடியை
வில்லை வில்லையாய் நீட்டுவேன்.
நல்ல கண்ணாடி தெரியவே தெரியாது,
இருட்டோடு இருட்டாய்க் கிடக்கும்.
அவசரமாய் ஆறியது மட்டும்
உள்ளே அடக்கிவைத்த இறுக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்:
ஓரத்தில் ஒரு நீலம்,
மழைத் தரையில் பெட்ரோல் சிந்தியதுபோல் ஒரு மஞ்சள்.
அழகாகத்தான் இருக்கும்.
சிவப்புக் கூடையில் போடுவேன்.
பதினோரு வருடமாய்.

ஃபால்கோ டிராம் ஓட்டுகிறான்.
ஊசிக்கு நேரம் இரவு எட்டு.
எனக்கு நானே குத்திக்கொள்ளக் கை வராது.
அவனுக்கு மாலை ஷிஃப்ட் என்றால்
லோபெடா கடைசி நிறுத்தம், ஏழு நிமிட இடைவேளை,
காலி வண்டியின் மூலையில்
என் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடிப்பான்.
ஒருமுறை ஒரு பையன் கதவைத் தட்டி
இந்த வண்டி போகுமா என்றான்.
போகும், என்றான் ஃபால்கோ,
கையில் ஊசியோடு.

முதல் முறை நான்கு முட்டைகள்.
எதுவும் நிற்கவில்லை.
அலுவலகத்தில் ஜலதோஷம் என்று சொன்னேன்.

இரண்டாம் முறை எட்டு.
கருவியலாளர் மால்வினெ க்ரோனாவ்
திரையை என் பக்கம் திருப்பினாள்.
முட்டைக்குள் ஒரு கதிர் இருக்கும், என்றாள்,
நூற்கிற கதிர்போல, மெல்லிய இழைகளால் ஆனது.
விந்தணு ஏந்திய ஊசி அதன்மேல் இறங்கிவிடக் கூடாது.
சாதாரண வெளிச்சத்தில் அது தெரியாது,
குறுக்கு வடிகட்டி போட்டால் ஒளிரும்.
கிண்ணத்தின் அடி பிளாஸ்டிக்காக இருந்தால் அதுவே ஒளிர்ந்து கெடுக்கும்,
அதனால் கண்ணாடி.

ஒளிர்ந்தால்? என்றேன்.

ஒளிர்ந்தால் வைத்துக்கொள்வோம்.

சாம்பல் நிற வட்டம்.
அதன் விளிம்பருகே
நெல்லுமியைச் சீவியெடுத்தாற்போல் ஒரு வெள்ளைக் கீற்று.
என் வலது கை
தானாகவே கீழே போய்
சிவப்புக் கூடையைத் தேடியது.

ஐந்து ஒளிர்ந்தன.
மூன்று இருட்டாகவே இருந்தன.
என் அறையில் அவைதான் தேறியிருக்கும்.

அந்த நுண்ணோக்கியின் கண்ணாடி எங்கே உருக்கியது
என்று நான் கேட்கவில்லை.
எங்களுடையதாக இருக்கலாம்.
அப்படியென்றால் ஒருநாள்
அது என் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

ஐந்தில் இரண்டு வளர்ந்தன.
ஒன்றை உறைய வைத்தார்கள்,
ஒன்றை என்னுள் வைத்தார்கள்.
இன்று ஆறாம் நாள்.
இரண்டாம் எண் உலையில் ஒரு பெரிய கட்டி
மணிக்கு அரை டிகிரியாய் ஆறிக்கொண்டிருக்கிறது.
கதவில் கெர்லிண்ட் எழுதி ஒட்டியிருக்கிறாள்:
திறக்காதே, எட்டிப் பார்க்காதே, நீயும்தான்.
ரத்தப் பரிசோதனை வியாழக்கிழமை.

நேற்று ஒரு வில்லை ஒளிர்ந்தது.
ஓரத்தில் அதே நீலம்.
கழித்தேன், கணக்கிலும் எழுதினேன்.
கூடையில் மட்டும் போடவில்லை.

இரவு லோபெடாவில்
செல்பேசித் திரையை வெறும் வெள்ளையாக்கினேன்.
பனியின் கூச்சத்துக்கு அவன் அணிகிற கறுப்புக் கண்ணாடியை
அவனுக்கே மாட்டிவிட்டேன்.
தலையைச் சாய், என்றேன்,
இன்னும் கொஞ்சம்,
திரை இருளும்வரை.
நடுவே வில்லையைப் பிடித்தேன்.

வெகுநேரம் பார்த்தான்.
உடைந்ததா இது?

இல்லை. உள்ளே இறுக்கம், அவ்வளவுதான்.

ஏழு நிமிடம் முடிந்துவிட்டது.
கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறந்தபடியே
மணியை அடித்துக் கதவை மூடினான்.