சிங்கிள் ஓனர்

சித்திரையில் கேட்டால் எட்டாயிரம் சொல்வான்,
மழை விழட்டும் என்றார் சோணைமுத்து.
மழை விழும்வரை
அவருடைய ஊசி மருந்து
எதிர்வீட்டு ஜெகதாக்காவின் ஃபிரிட்ஜில்
தக்காளிக்கும் தோசைமாவுக்கும் நடுவே
ஒண்டுக் குடித்தனம் இருந்தது.

அக்கா ஒரு சொல் சொன்னதில்லை.
நான்தான்
காலை ஆறரைக்கும் இரவு எட்டுக்கும்
செருப்பைச் சத்தமாகக் கழற்றுவேன்
கதவைத் தட்டுமுன் தெரியட்டுமென்று.
அவர்கள் திருச்செந்தூர் போன இரண்டு நாள்
ஈரத்துணி சுற்றிய சொம்புக்குள் வைத்தேன்.
மூன்றாம் நாள் சர்க்கரை
முந்நூற்றைத் தாண்டியது.

ஐப்பசிக் கடைசியில் முனிச்சாலை.
நாகூர்கனி பாய் கடை வாசலில்
தார்ப்பாய் மூடி, நனைந்த கால்களோடு
வரிசையாய் நின்றன பெட்டிகள்.
"சிங்கிள் ஓனர்க்கா. பேங்க் மேனேஜர் வீடு.
மாற்றலாகிப் போயிட்டாங்க."
அந்தக் கடையில் மிக்ஸிகூட
பேங்க் மேனேஜர் வீட்டுடையதுதான்.
மதுரையில் இத்தனை மேனேஜர்களா,
இத்தனை மாற்றலா.

சோணைமுத்து
பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி
மெல்ல இழுத்தார்.
வழுக்கி வந்தால் ரப்பர் செத்துவிட்டது,
ஐநூறு குறைக்கலாம்.
பிடித்துக்கொண்டால் நல்ல பெட்டி,
விலை பேச வாயில்லை.
தாள் பாதி வந்தது,
பாதி நின்றது.
அந்தப் பாதிக்கு இருநூற்றைம்பது தள்ளினார் பாய்.
உள்விளக்கு எரியாததற்கு ஒரு நூறு.
ஐயாயிரத்து நூற்றைம்பது.
வண்டிக்கூலி எங்களுடையது.

"படுக்க வச்சிராதீங்க, எண்ணெய் ஏறிரும்."
ஆஸ்பத்திரியிலிருந்து ஆளைக் கூட்டிவருவதுபோல்
டிரைசைக்கிளில் நின்றபடி அணைத்துக்கொண்டு
யானைக்கல் தரைப்பாலம் தாண்டி
செல்லூர் வரைக்கும் கொண்டுவந்தார்.
மாடிப்படித் திருப்பத்தில் அரைமணி நேரம் சிக்கியது.
கீழ்வீட்டு டெய்லர் ஒரு பக்கம் தூக்கி
சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்ததற்கு
ஹவுஸ் ஓனரிடம் தன் பெயரைச் சொல்லக்கூடாதென்றார்.

மூன்று மணி நேரம் பிளக் போடக்கூடாது.
அதுவரை
வெந்நீரும் சோடா உப்பும் கலந்து துடைத்தேன்.
யாரோ சிந்திய பாலின் மஞ்சள்,
ஒரு வெந்தயம்,
அப்புறம் முட்டைக் குழிகளுக்குக் கீழே
ஒட்டியிருந்த பிளாஸ்திரியில்
நீலப் பேனா எழுத்து:

காலை 14
இரவு 10

பத்தை அடித்துப் பன்னிரண்டு.
அதையும் அடித்துப் பதினாறு.
அதற்குமேல் இடமிருந்தது.
யாரும் எழுதவில்லை.

மாற்றல் என்றாரே பாய்.

"என்னது?" என்றார் சோணைமுத்து.
"கறை."
"போகலையா?"
"போறப்ப போகட்டும்."

பிளக் போட்டதும் ஒரு உலுக்கு உலுக்கி
பக்கத்து அறைக்குக் கேட்குமளவு முனகி
தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது.
எட்டரைக்கு ஜெகதாக்கா வந்து
படியில் நின்றே கேட்டாள்,
இன்னிக்கு ஏன் வரலை,
அவருக்கு ஒண்ணுமில்லையே?
உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன்.
திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து
"லைட் இல்லையேடி" என்றாள்.

அவள் போனபின்
இருட்டுக்குள் கைவிட்டுத் தடவினேன்.
பிளாஸ்திரியின் ஓரம் விரலில் பட்டது,
அதற்குக் கீழே குளிர்ந்த சின்னக் குப்பி.
சட்டையைத் தூக்கியபடி
"பன்னிரண்டு" என்றார்.
"தெரியும்" என்றேன்.