இருபது பென்ஸ்

ரயரின் பள்ளத்துக்குள் இருபது பென்ஸைச் செருகு.
நாணயத்தின் கரை தெரிந்தால் ரயர் முடிந்தது.
கராஜில் சேர்ந்த முதல் கிழமை
எனக்குச் சொன்னார்கள்.
பக்கத்துவீட்டு டெரெக்குக்கு நான் சொன்னேன்,
வேலிக்கு மேலால், ஏதோ பெரிய வித்தை போல.

திங்கள் இரவு ஒன்றரை மணி.
நியூபோர்ட்டின் இந்த மேட்டுத் தெருவில்
மழை விட்டு வெறும் ஈரம்.
வீட்டுச் செருப்போடு இறங்கிப் போய்
அவனுடைய வாக்ஸாலின் முன்சில்லருகே
எதையோ தொலைத்தவன் மாதிரிக் குந்தினேன்.
கரை மட்டுமா,
ராணியின் கொண்டையே தெரிந்தது.
எதிர்வீட்டு நாய் குரைத்தது.
காசு கைதவறி எங்கோ உருண்டது.
தேடவில்லை. ஓடி வந்துவிட்டேன்.

காதுதான் என் தொழில்.
விடிய ஐந்தரைக்கு அவன் இறங்கிப் போகையில்
பிறேக்கில் இரும்பு இரும்பை உரசுவது
போர்வைக்குள் கேட்கும்.
மேட்டின் அடியில் பள்ளிக்கூடம்.
ஐந்தரைக்குப் பிள்ளைகள் இல்லை, சரி.
மூன்றரைக்கு அல்லவா திரும்பி வருகிறான்.

படிவம் என் பெயரைக் கேட்கவில்லை.
இலக்கம். நிறம். எங்கே நிற்கிறது.
இரண்டு நிமிட வேலை.
நிறத்தில் நின்றுவிட்டேன்.
வெள்ளி என்று போடலாம்,
இடதுபக்கக் கதவு மட்டும் வேறு வெள்ளி.
கழித்துவிட்ட காரொன்றிலிருந்து கழற்றிவந்து
போன மாரியில்
நான்தான் மாட்டிக்கொடுத்தேன்.
மாட்டிக்கொடுத்தவன்
காட்டிக்கொடுப்பதா?
ஓரெழுத்து.

முறைப்பாடு என்று சொல்லிப் பார்த்தேன்.
அறிவித்தல் என்றும்.
நாக்குக்கு அந்தப் பழைய சொல்தான் வருகிறது.
சாக்கில் இரண்டு துளை,
துளைக்குள் இரண்டு கண்,
அந்தத் தலை ஒருமுறை ஆடியது,
சித்தப்பா லொறியில் ஏறினார்.
நாற்பது வருடமாகப் போகிறது.

சுகிர்தா வெங்காயம் வெட்டியபடி சொன்னாள்:
"அது வேற, இது வேற.
இதில அவனுக்குக் கார்தான் போகும்.
விட்டால் ஆற்றையோ பிள்ளை போகும்."
கத்தி நிற்கவில்லை.
"சாக்கு வேண்டாமெண்டால்
கதவைத் தட்டி முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோவன்."

அதுதான் சரி.
மூன்று நாள் வசனம் ஒத்திகை பார்த்தேன்.
கராஜில் ஒவ்வொரு நாளும் சொல்கிற வசனங்கள்தான்,
காசு கட்டுகிறவனுக்குச் சொல்வது எளிது.
எங்கள் குப்பைத்தொட்டியையும் சேர்த்து
உருட்டிக்கொண்டுபோய் வைக்கிறவனிடம்?
செவ்வாய் அவன் வீட்டில் வெளிச்சமில்லை.
புதன் வெளிச்சம் இருந்தது.
எனக்குத் தலையிடி.

வியாழன் காலை முன்சில்லில் மஞ்சள் பூட்டு.
கண்ணாடியில் ஒட்டிய தாள்.
யாரென்று தெரியாது. நானில்லை.
முதலில் வந்தது நிம்மதி,
அதை ஒளிக்கப்போவதில்லை.
ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று
ஒரு தேத்தண்ணி முழுதும் குடித்தேன்.

டெரெக் பூட்டைப் பார்க்கக் குனிந்தான்.
குனிந்தவன் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.
பிறகு நேரே எங்கள் வாசலுக்கு வந்தான்.
கத்துவான் என்று நினைத்தேன்.
உள்ளங்கையை விரித்தான்.
ஓடைச் சேறு அப்பிய
ஏழு மூலை நாணயம்.

"உன்னுடையதாயிருக்கும்" என்றான்.

ஓம் என்றால் ஒரு பொய்க்கு ஒப்புதல்.
இல்லை என்றால் அதுவும் பொய்.
கையை நீட்டினேன்.

வெள்ளிக்கிழமை குப்பை நாள்.
விடிய ஐந்தேகாலுக்கு
இரண்டு தொட்டியையும் நான் உருட்டினேன்.
வானை இயக்கி, சூடாக்கி,
அவன் கதவு திறக்கும்வரை
விளக்கை அணைக்காமல் நின்றேன்.

பஸ் தரிப்பிடத்தை நோக்கி
நடந்து போனான்.