நாலு விரல்கடை

டவுன்ஹால் ரோட்டில் ஒரு சந்து, மாடியில் கடை.
பைனாகுலர், மைக்ராஸ்கோப், சர்வேயர் கருவி,
எது கெட்டாலும் கடைசியில்
கொண்டா பலராமன் கைக்குத்தான் வரும்.
என் புருவத்துப் பிறைத் தழும்பைப் பார்த்தார்.
"ரைபிளா? முந்நூத்திப் பதினஞ்சா?"
ஆமாம் என்றேன்.
"உதைச்சதும் ஸ்கோப் முட்டிருக்கு.
நாலு விரல்கடை விடணும் சார்,
கண்ணுக்கும் கண்ணாடிக்கும்."
விரல்களை என் நெற்றியில் வைத்தே அளந்தார்.
திருநீறு பூசுவது போலிருந்தது.

சட்டைப்பையில் வனத்துறை உத்தரவு,
வியர்வையில் நைந்த நாலு மடிப்பு.
சாப்டூருக்குக் கீழே கடலைக் காடு.
எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வந்தால் பயிர்த் தொல்லை,
அந்தப் பக்கம் போய்விட்டால் வனவிலங்கு.
என்னிடம் இருக்கும் ஸ்கோப்பில் பூஞ்சை.
எந்தப் பக்கம் திருப்பினாலும் மேகமூட்டம்.

பூத்துவாலை விரித்து ஐந்து கறுப்புக் குழல்களை வைத்தார்.
ஒன்றுக்குள்ளே கோடு நெடுகப் புள்ளிகள்.
இன்னொன்றில் தின்று வைத்த கெண்டையின் முள்.
"இது ஆயிரம் மீட்டருக்குக் கணக்குச் சொல்லும்."
எங்கள் காட்டிலிருந்து ஆயிரம் மீட்டரில்
பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்றேன்.
பேசாமல் அதைப் பெட்டிக்குள் வைத்தார்.

"இதில் உருவம் பெருத்தால் கோடும் பெருக்கும்.
குறைத்தால் கோடே தெரியாது.
அதில் உருவம் மட்டும் பெருக்கும்,
கோடு அப்படியே நிற்கும், புள்ளிக் கணக்கு பொய்யாகும்.
எந்தப் பொய் உங்களுக்குத் தோதுப்படும்?"

மொட்டைமாடிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார்.
"கோபுரத்துப் பக்கம் மட்டும் திருப்பிராதீங்க,
போலீஸ் மேலே வந்துரும்."
ரயில் நிலையத்துப் பக்கம் திருப்பினேன்.
லாட்ஜ் ஜன்னலில் ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்தார்.
உள்ளிருந்து நாக்கால் கன்னத்தைத் தள்ளுவது தெரிந்தது.
காதுமடலில் ஒட்டிய நுரை தெரிந்தது.
இரண்டாம் வகுப்பில் படித்த கூட்டல் குறி
(கழிப்பதற்கும் இதையே வைத்திருக்கிறார்கள்)
தானாகப் போய் அவர் தொண்டையில் உட்கார்ந்தது.
என் மூச்சுக்கு ஏறியது, இறங்கியது.
அவர் ரேஸரை அலசினார்.
கையில் துப்பாக்கி இல்லை, வெறும் குழல்தான்.
இருந்தாலும் இறக்கிவிட்டேன்.

"எவ்வளவு தூரம் சுடுவீங்க?"
கரண்டுக் கம்பத்தை வைத்துச் சொன்னேன்:
கம்பத்துக்குக் கம்பம் ஐம்பது மீட்டர். மூன்று கம்பம்.
"அதுக்கு மேலே?"
அதற்கு மேலே, அது பன்றியா,
கறுப்புப் போர்வைக்குள் காவலுக்குப் படுத்த
மொக்கராசுவா என்று தெரியாது.
"பெருசா காட்டுறதுக்குத்தானே இது?"
பெருசாய்த் தெரியும். யாரென்று தெரியாது.

கடைசியில் வெறும் கோடு.
ஓரத்தில் தடித்து, நடுவில் மெலிந்து,
நாலு திசையிலிருந்தும் வந்து தயங்குவது போல.
மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு. போதும்.
ஆபீசில் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள் என்றேன்.
மற்ற இரண்டையும் அவரே எழுதித் தந்தார்,
வேறு வேறு பேனாவில்.

ஐந்தாம் நாள், தேய்பிறை.
இரண்டாம் கம்பத்தடியில் ஒற்றை உருவம்.
குனிந்திருக்கிறது. மண்ணைக் கிளறும் சத்தம்.
மெல்லிய கோடு இருட்டில் கரைந்துவிட,
தடித்த ஓரங்கள் மட்டும் அதைச் சுற்றி நிற்கின்றன.
நாலு விரல்கடை. அளந்தேன்.
விரல் விசையில். மூச்சைப் பாதி விட்டேன்.
பிறகு, எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தராத ஒன்றைச் செய்தேன்.

"ஏலே மொக்கராசு!"

உருவம் நாலு காலில் எகிறியது.
கடலைச் செடி கிழிய, வாய்க்கால் தாண்டி,
கல்லையும் தாண்டி
வனவிலங்கு ஆகிவிட்டது.

என் முதுகுக்குப் பின்னால்,
கூப்பிடு தூரத்தில், பம்புசெட் மறைவிலிருந்து
பீடி நெருப்போடு ஒரு குரல்:
"இங்கனதான் இருக்கேன் சார்.
ஏன், பன்னி ஏதும் வந்துச்சா?"