ஒன்றரை லிட்டர்

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னாள் பெனிட்டா.
வழுக்கினால் சுவர் பிடித்துக்கொள்ளும்.
நீடாமங்கலம் அரசு ஆஸ்பத்திரியின் பின்கொட்டகை,
செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி.
ரயில்வே கேட் போட்டிருந்தால் பதினொன்று.

ஏழு பேர். ஏழு இதயம் என்று
முழுசாகச் சொல்ல முடியாது.
என்னுடையது முப்பத்தைந்து சதவீதம்.
கமருன்னிசாவுக்கு இரண்டு ஸ்டென்ட்.
வலங்கைமான் பஸ் ஓட்டிய தட்சிணாமூர்த்திக்கு
நெஞ்சு நடுவே தைத்த கோடு,
மேல் பட்டனைத் திறந்துவிட்டால் தெரியும்,
அவர் எப்போதும் திறந்தேதான் விடுவார்.

குதிகாலை ஊன்றி விரலைத் தூக்கு.
விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்கு.
தேங்கினது மேலே ஏறட்டும் என்கிறாள்.
என் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினால்
குழி விழுகிறது,
நாற்றுப் பறித்த இடம் மாதிரி
மெதுவாகத்தான் தூர்கிறது.

முப்பத்தொரு வருஷம்
மூணாறு தலைப்பில் லஸ்கர்.
கோரையாற்றுக்கு இவ்வளவு, பாமணிக்கு இவ்வளவு,
மிச்சம் வெண்ணாற்றுக்கு என்று
ஷட்டர் ஏற்றி இறக்கினவன்.
இப்போது எனக்கு நாளைக்கு
ஒன்றரை லிட்டர்.
ரசம், மோர், மாத்திரை விழுங்குகிற மடக்கு
எல்லாம் அதற்குள்.
முறை வைத்துத்தான் குடிக்கிறேன்.
ஆனாலும் கடைமடைக்கு எட்டுவதில்லை:
சாயங்காலம் ஆறு மணிக்குச் சொம்பு காலி.

மூச்சைப் பிடிக்கக் கூடாது, அதுதான் இங்கே சட்டம்.
பாட முடிந்தால் சோம்பல்,
பேச முடியாவிட்டால் ஆபத்து.
ஆகவே பேசிக்கொண்டே இருக்கிறோம்.
உளுந்துக்கு வந்த மஞ்சள் நோய்,
இன்னும் வராத பயிர்க் காப்பீடு,
கமருன்னிசாவின் மகன் மலேசியாவிலிருந்து அனுப்பிய
பிரஷர் மிஷின் மலாயில் எண் சொல்லுமாம்.
ஒன்றும் புரியாததால்
பிரஷர் ஏறவில்லை என்கிறாள்.

அடுத்தது ஸ்டியரிங்.
இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே,
காற்றில் ஒரு சக்கரம்.
தட்சிணாமூர்த்தி வாயாலேயே ஹாரன் அடித்தார்,
ஆலங்குடி வளைவில்
இல்லாத கண்டக்டரைத் திட்டினார்.

என் சக்கரம் வேறு.
இரும்பு. கிரீஸ் வாடை. விடிகாலை மூன்று மணிக்கு
உள்ளங்கையில் ஒட்டுகிற குளிர்.

"சார், ஏன் பேசலை?"
மணிக்கட்டைப் பிடித்திருந்தாள் பெனிட்டா.
ஆறு ஜோடிக் கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன.
தாடை வலிக்கிறதா, இடது கை?
நாக்கடி மாத்திரைக்காக
என் சட்டைப்பையைத் துழாவினாள்.
"இல்லம்மா. எண்ணிக்கிட்டிருக்கேன்."
"என்னத்தை?"
"நாப்பது சுத்துக்கு ஓர் அடி."

அவளுக்குக் கோபம் வந்து போனதைப் பார்த்தேன்.
பயம் போக இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று.
"அப்ப சத்தமா எண்ணுங்க."

எண்ணினேன். எட்டிலேயே
எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.
பதினைந்தில் ஹாரன் நின்றது.
இருபதில் கமருன்னிசா கையை மடியில் இறக்கினாள்.
"எனக்கு அரை அடி போதும், நாத்தங்கால்தானே."
முப்பத்தொன்றில் என் தோள் நின்றுவிட்டது.
அதற்கு மேல் வேண்டாம் என்றாள் பெனிட்டா.
நாற்பது வரை யாரும் போகவில்லை.
"தண்ணி வந்தாச்சு, தண்ணி வந்தாச்சு" என்று
தட்சிணாமூர்த்தி மட்டும்
பஸ் நிலையத்துக் குரலில் கூவினார்.

பிறகு பாதத்தைப் பதித்து ஐந்து நிமிஷம் சும்மா.
நாடி எண்பத்தெட்டு, எண்பத்திரண்டு.
வெளியே கேட் மறுபடி போட்டிருந்தார்கள்,
எழுந்திருக்க யாருக்கும் அவசரமில்லை.

என் பாட்டிலில் பேனாவால் கோடுகள் போட்டிருக்கிறேன்,
மதகுக் கல்லில் அளவு வெட்டியிருக்குமே, அப்படி.
ஒரு மடக்கு குடித்தேன்.
மட்டம் கால் அங்குலம் இறங்கியது.
நோட்டை எடுத்து, பழக்க தோஷம், எழுதினேன்:
பதினொன்று நாற்பது. திறப்பு.